மேடை போனது, காது இருந்தது

நான் மேடை ஒலிக்காரன். கூட்டம் கூடுகிற இடத்தில்தான் எனக்கு வேலை. கச்சேரி, நாடகம், பேச்சு, நிறுவனங்களின் ஆண்டு விழா, எதுவானாலும் சரி. ஆயிரம் பேர் ஒன்றாக உட்கார்ந்து ஒரே குரலைக் கேட்க வேண்டும் என்றால், ஒலிகளைக் கலந்து அளவைச் சரிசெய்யும் மிக்சர் கருவிக்குப் பின்னால் என்னைப் போல ஒருவர் நின்றாக வேண்டும்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று சொன்னது. பல தொழில்களில் வியாபாரம் படுத்தது. எங்கள் தொழிலில் வியாபாரம் என்ற ஒன்றே இல்லாமல் போனது, ஏனென்றால் மனிதர்கள் கூடுவதுதான் எங்கள் மூலப்பொருள். அதுவே ஆபத்து என்றாகிவிட்டது. எழுதி வைத்திருந்த நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. முதலில் "தள்ளி வச்சிருக்கோம்" என்று ஃபோன் வந்தது. அப்புறம் ஃபோனே வரவில்லை. ஸ்பீக்கர் பெட்டிகள் சுவர் ஓரமாக அடுக்கியபடி கிடந்தன. அவற்றுக்குத் தவணை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் எல்லாருக்கும் கிடைத்த அறிவுரை ஒன்று உண்டு. "நேரம் கிடைச்சிருக்கு, புதுசா ஏதாவது கத்துக்கோ." கூடவே நியூட்டன் கதையும் சுற்றி வந்தது: 1665இல் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜை மூடினார்கள், அவர் கிராமத்து வீட்டுக்குப் போனார், அங்கே உட்கார்ந்து உலகத்தையே மாற்றினார் என்று. அவர் ஊருக்குப் போனது உண்மை, அங்கே பெரிய வேலை செய்ததும் உண்மை. ஆனால் கணிதத்தில் அவர் மூழ்கியது அதற்கு முன்பே, பல்கலைக்கழகம் திறந்திருந்த காலத்திலேயே. குறிப்பேடுகள் நிரம்ப ஆரம்பித்துவிட்டன. போய்ச் சேர்ந்த இடமோ அம்மாவின் பண்ணை வீடு; வாடகை கேட்டு யாரும் கதவைத் தட்டப் போவதில்லை. இந்த இரண்டையும் விட்டுவிட்டுக் கதையைச் சொன்னால், வேலை போனவன் மேல் இன்னொரு பாரத்தைத்தான் ஏற்றுகிறோம்.

வேலை இல்லாதவர் கையில் இருக்கும் நேரம் விடுமுறை நேரம் மாதிரி இருக்காது. இதை அனுபவத்தில் உணர்ந்தேன். ஆராய்ச்சியில் இருப்பதைப் பிறகுதான் படித்தேன். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஊர் முழுக்க ஒரே துணி ஆலையை நம்பி இருந்தது. 1929இலிருந்து ஆலையைப் படிப்படியாக மூடினார்கள். மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகிய மூவரும் தங்கள் குழுவோடு அங்கே போய், வேலை போன பிறகு மனிதர்கள் நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று பார்த்து 1933இல் வெளியிட்டார்கள். ஊர் நூலகத்தில் கட்டணத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். எல்லாருக்கும் நாள் முழுக்க நேரம் இருந்தது. அப்படியும் 1929க்கும் 1931க்கும் நடுவில் புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆய்வாளர்கள் மறைவாக நின்று, தெருவில் போகிறவர்களின் நடையைக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், நடுநடுவே நின்றார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை அப்படியே இருந்ததால் அவர்கள் நடையில் வேகம் இருந்தது. காலையிலிருந்து என்ன செய்தாய் என்று கேட்டால் பல ஆண்களால் சொல்லத் தெரியவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஏனென்றால் நானும் அப்படி மெதுவாக நடந்தேன். எந்த நேரத்துக்கும் எந்த இடத்திலும் யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை என்ற நினைப்பு காலைக் கட்டிப் போடும். அதனால், நெருக்கடியில் இருப்பவரிடம் நான் வாய்ப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டு விஷயம்தான் கேட்பேன். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்? கையில் இருக்கும் பணம் எந்த மாதம் வரைக்கும் வரும்?

இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாதவரால் வேறு எதையும் யோசிக்க முடியாது. இதுவும் வெறும் என் அபிப்பிராயம் இல்லை. இந்தியாவில் கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. அறுவடைக்கு முன் பணமுடையில் இருக்கும்போதும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகும், அதே விவசாயிகளுக்கு அதே வகை அறிவுத்திறன் சோதனைகளை வைத்தார்கள். ஆள் அதே ஆள். பணம் வந்த பிறகு தெளிவாகச் செய்தார். முடை இருந்தபோது அவர் மூளையின் ஒரு பங்கு கணக்குப் போடுவதிலேயே கழிந்திருந்தது.

நான் ஒரு பழைய நோட்டை எடுத்து, எனக்கு வர வேண்டியது, நான் கொடுக்க வேண்டியது, விற்றால் காசாகக் கூடியது என்று மூன்றையும் எழுதினேன். தவணை வாங்குகிறவர்களிடம், அவர்கள் கூப்பிடும் முன்பே நானே கூப்பிட்டுப் பேசினேன். கூப்பிடுவது கஷ்டம்தான். ஆனால் தாமதமாகும் என்று முன்கூட்டியே சொல்கிறவனிடம் பேசும் தொனி வேறு, தாமதமான பிறகு மாட்டுகிறவனிடம் பேசும் தொனி வேறு. கனத்த அடி ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர்களில் ஒரு ஜோடியை விற்றேன். விலை குறைவாகத்தான் போயிற்று. ஆனால் இந்தத் தேதி வரை சமாளிக்கலாம் என்று ஒரு தேதி கிடைத்தது. அந்தத் தேதி கிடைத்த அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள்தான் யோசிக்க ஆரம்பித்தேன்.

யோசித்தது இதைத்தான்: எனக்கு என்ன தெரியும்? "மேடை ஒலி அமைப்பு" என்று எழுதினால் அதோடு முடிந்துவிடும், ஏனென்றால் மேடை இல்லை. அதனால் வேலையின் பெயரை விட்டுவிட்டு, ஒரு நிகழ்ச்சி நாளில் என் கையும் காதும் மணிக்கு மணி என்ன செய்கின்றன என்று எழுதினேன். கேபிளில் எங்கே இரைச்சல் ஏறுகிறது என்று கண்டுபிடிக்கிறேன். பேசுகிறவர் மைக்கைத் தள்ளிப் பிடித்தால் அவர் மனம் கோணாமல் திருத்துகிறேன். ஸ்பீக்கர் ஒலி மறுபடி மைக்குக்குள் போய்க் கூவல் வரப்போகிறது என்பதை வருவதற்கு முன்பே கேட்கிறேன். பதற்றத்தில் இருக்கும் பேச்சாளரை மேடை ஏறுவதற்கு முன் ஆசுவாசப்படுத்துகிறேன். எது கெட்டாலும் நிகழ்ச்சி நிற்காதபடி மாற்று வழி ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறேன். எழுதி முடித்துப் பார்த்தால், இவற்றில் மேடை இல்லாமல் முடியாது என்று எதுவுமே இல்லை.

அதற்குள் உலகத்தில் பாதி மைக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. பாடம் நடத்துவது, நேர்முகத் தேர்வு, வழக்கு விசாரணை, மருத்துவ ஆலோசனை, எல்லாம் திரைக்கு வந்தன. அதுவரை குரலைப் பற்றிக் கவலையே படாதவர்கள்கூட "கேக்குதா? கேக்குதா?" என்று கேட்டபடி நாளைத் தொடங்கினார்கள்.

எனக்கு முதலில் வந்தவர் ஓர் ஆசிரியை. தெரிந்தவர் மூலமாக என் எண் கிடைத்து, தயங்கித் தயங்கிப் பேசினார்.

"சார், நீங்க பெரிய பெரிய மேடைக்கெல்லாம் பண்றவர்னு சொன்னாங்க. இது சின்ன விஷயம். பிள்ளைங்க நான் பேசறது புரியலைன்னு சொல்றாங்க. நல்ல மைக் எது வாங்கலாம்னு சொன்னீங்கன்னா…"

"எதுவும் வாங்காதீங்க டீச்சர். முதல்ல நீங்க பேசுனதை ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க."

அனுப்பினார். ஹெட்ஃபோனைப் போட்டுக் கேட்டேன். அந்தப் பதிவு இன்னும் என் காதிலேயே இருக்கிறது. குரல் நல்ல குரல். ஆனால் ஒரு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. வெறும் சுவர்கள், கண்ணாடி ஜன்னல், வழவழப்பான தரை. வாயிலிருந்து கிளம்பும் ஒலி மைக்குக்கு நேராக ஒரு முறை போகிறது, சுவரில் பட்டு இன்னும் பல முறை போகிறது. மடிக்கணினி கை நீளத்துக்கு அப்பால் இருந்ததால் நேரடிக் குரலும் எதிரொலியும் கிட்டத்தட்ட ஒரே அளவில் கலந்துவிட்டன. அடியில் ஒரு ரீங்காரம் வேறு. 50 ஹெர்ட்ஸில் மின்சார இரைச்சல், அதன் மடங்குகள் 100லும் 150லும். அதற்கு மேல் மின்விசிறிக் காற்று. சொல்லின் கடைசி மெய்யெழுத்து ஒவ்வொன்றும் காற்றில் கரைந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் புரியாமல் போனது பாடமே இல்லை, வாக்கியத்தின் முடிவுகள்.

நான் சொன்னது ஐந்து விஷயம்தான். ஃபோனோடு வந்த காது மைக்கைப் பயன்படுத்துங்கள், அது வாய்க்குப் பக்கத்தில் இருக்கும். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் நேரடிக் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) கூடும். எதிரொலி அப்படியே நிற்கும். ஆக, குரல் எதிரொலியிலிருந்து பிரிந்து முன்னால் வந்துவிடும். வாய்க்கு நேர் எதிரே வேண்டாம், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். 'ப' சொல்லும்போது காற்று மைக்கில் மோதாது. முகத்துக்கு எதிரே இருக்கும் சுவரில் தடித்த போர்வை ஒன்றைத் தொங்கவிடுங்கள். மடிக்கணினியின் சார்ஜரைப் பாடம் முடியும் வரை கழற்றி வைத்துப் பாருங்கள், ரீங்காரம் போகிறதா என்று. பாடத்தைப் பதிவு செய்வதாக இருந்தால், தொடங்கும் முன் ஐந்து நொடி பேசாமல் உட்காருங்கள்.

கடைசியாகச் சொன்னதுதான் அவருக்கு வியப்பாக இருந்தது. "பேசாமலா?" என்றார். அந்த ஐந்து நொடியில் அறையின் சத்தம் மட்டும் தனியாகப் பதிவாகிறது. மென்பொருளுக்கு அதை அடையாளம் காட்டினால் பதிவு முழுவதிலும் அதைத் தேடிக் குறைக்கும். அளவோடு குறைக்க வேண்டும். பேராசைப்பட்டால் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போலாகிவிடும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் காதுதான் சொல்லும். அந்தக் காது என்னிடம் இருந்தது. அதற்குத் தவணையும் பாக்கி இல்லை.

மறுநாள் அவர் அனுப்பிய பதிவைக் கேட்டபோது, நிறைந்த அரங்கில் ஒலி சரியாக அமைந்துவிட்டால் வரும் அதே சந்தோஷம் வந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குப் பிடித்தது மேடையின் பிரம்மாண்டம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு குரல் இன்னொருவர் காதில் சிந்தாமல் சிதறாமல் போய்ச் சேர்வதுதான் எனக்குப் பிடித்தது போலிருக்கிறது.

அவர் வழியாக மற்ற ஆசிரியர்கள் வந்தார்கள். ஆசிரியர்களுக்காக ஒரு சிறு வகுப்பு எடுத்தேன். பிறகு பதிவு செய்த பாடங்களைச் சுத்தம் செய்யும் வேலை வந்தது; அதிலிருந்து ஒலிப்புத்தகங்கள். வருமானம் பழைய அளவுக்கு வரவில்லை, நெடுநாள் வரவில்லை. ஆனால் நோட்டில் இருந்த அந்தத் தேதி தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

இதை முன்பே செய்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். செய்திருக்க மாட்டேன். வழக்கமான வழி திறந்திருக்கும் வரை யாரும் வேறு வழியைத் தேடுவதில்லை. அது மனித இயல்பு. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நிலையங்கள் மூடின, சில திறந்திருந்தன. தினமும் ஒரே வழியில் போய் வந்தவர்கள் அந்த இரண்டு நாள் வேறு வழி பார்க்க வேண்டியதாயிற்று. மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் பயண அட்டைப் பதிவுகளை வைத்து, வேலைநிறுத்தம் முடிந்த பிறகு இவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தார்கள். ஏறக்குறைய 5 சதவீதம் பேர் பழைய வழிக்குத் திரும்பவே இல்லை. பல வருடம் போய் வந்த ஊரில், தங்களுக்கு ஏற்ற வழி வேறு ஒன்று இருப்பதை மூடிய கதவு காட்டிய பிறகுதான் பார்த்தார்கள்.

எனக்கு அந்த ஆய்வில் 5ஐப் போலவே மீதி 95ம் முக்கியம். பெரும்பாலோர் பழைய வழிக்கே திரும்பினார்கள், அவர்களுக்கு அதுவே பொருத்தமாக இருந்தது. மாறித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என் கூட்டாளிகளில் ஒருவர் சரக்கு வண்டி ஓட்டினார். அரங்குகள் திறந்ததும் ஒரே ஓட்டமாக மிக்சருக்குத் திரும்பி வந்தார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தைப் பார்த்த யாரும் அவரை மாறத் தெரியாதவர் என்று சொல்ல மாட்டார்கள். இன்னொருவர் உபகரணம் எல்லாவற்றையும் விற்றுவிட்டு வேறு தொழிலுக்குப் போனவர், திரும்பவே இல்லை. எங்களில் மிக நுட்பமான காது அவருடையது. நெருக்கடி எல்லாரையும் உயர்த்தும் என்று எழுத என்னால் ஆகாது. அவரை நினைத்தால் இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

காலக்கெடு விஷயத்திலும் நாம் நம்மீது கொஞ்சம் இரக்கம் காட்ட வேண்டும். சொற்களை அடுக்கி விளையாடும் ஸ்க்ராபிள் விளையாட்டு பிறந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆல்ஃப்ரெட் பட்ஸ் நியூயார்க் கட்டடக் கலைஞர். பெருமந்தம் என்ற உலகப் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், 1931இல், வேலை போனது. செய்தித்தாளின் முதல் பக்கத்தை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். அதை வைத்து எழுத்துக் கட்டைகளுக்கு மதிப்பெண் போட்டார். விளையாட்டு நிறுவனங்கள் வேண்டாம் என்றன. அவர் மீண்டும் கட்டடக் கலைக்கே போய்ச் சம்பளம் வாங்கினார், விளையாட்டைக் கைவிடாமல் ஓரமாக வைத்திருந்தார். 1948இல்தான் ஜேம்ஸ் ப்ரூனோ என்பவர் அதை எடுத்து இந்தப் பெயரில் விற்கத் தொடங்கினார். 1949இல் 2,400 பெட்டிகள் செய்தும் நஷ்டம். 1952க்குப் பிறகுதான் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. வேலை போன வருடத்தையும் வெற்றி வந்த வருடத்தையும் ஒட்டி வைத்து ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் இருபது வருடத்தில் பெரும்பகுதியும் அந்த மனிதர் வேறு வேலை பார்த்துப் பிழைத்த வருடங்கள். சம்பளத்துக்குத் திரும்பிப் போனதால் அவர் தோற்றுவிடவில்லை. அந்தச் சம்பளம்தான் அவர் யோசனையையும் காப்பாற்றியது.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று சொன்னபோது நான் ஏற்கெனவே மேடைக்குத் திரும்பியிருந்தேன். இப்போது வாரக் கடைசியில் மேடை, மற்ற நாட்களில் ஹெட்ஃபோன். இரண்டில் எது நின்றாலும் மற்றது தாங்கும் என்பது ஒரு புறம் இருக்கட்டும்; ஒலிப்புத்தகம் சுத்தம் செய்து பழகிய காது, மேடையில் பேச்சாளரின் மூச்சைக்கூடக் கவனிக்கிறது. என் மேடை வேலை முன்பைவிட நன்றாக இருக்கிறது.

இப்போது வேறு ஒரு அலை வந்திருக்கிறது. போன வாரம் உறவுக்காரத் தம்பி ஒருவன் பேசினான். வாடிக்கையாளர் உதவி மையம் ஒன்றில், பதிவான அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடுவது அவன் வேலை. அதை மென்பொருளிடம் கொடுத்துவிட்டார்கள்.

"அண்ணே, எனக்கு கால் கேட்டு மார்க் போடத்தான் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது."

"என்ன கேட்டு மார்க் போடுவே?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "கூப்பிடறவங்க எந்த இடத்துல கோபமாகுறாங்கன்னு தெரியும்ணே. முதல்ல சாதாரணமாத்தான் பேசுவாங்க. எங்க ஆளுங்க குறுக்க பேசுவாங்க, இல்லேன்னா சொன்னதையே திரும்பக் கேப்பாங்க. அங்க குரல் மாறும். அந்த இடத்துல இவங்க என்ன சொல்லியிருக்கணும்னு எழுதிக் குடுப்பேன்."

"இதைத்தான் ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றியா?"

நாங்கள் முதலில் பணக் கணக்கைப் போட்டோம். அவன் தேதி எதுவென்று தெரிந்தது. நெருக்கம்தான், ஆனால் மூச்சுவிட இடம் இருக்கிறது. அதற்குள் தற்காலிகமாக ஒரு வேலையில் சேரச் சொல்லியிருக்கிறேன், எதுவானாலும் பரவாயில்லை. மாலையில் இரண்டு மணி நேரம் இதற்கு. நாள் முழுக்க ஃபோன் வரும் சிறிய இடங்கள், மருத்துவரின் வரவேற்பு மேசை, பழுதுபார்க்கும் நிலையம், பயண முகவர் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறான். தனிப் பயிற்சியாளர் வைக்க அவர்களுக்கு வசதி இல்லை. ஃபோன் எடுப்பவரோடு ஒரு மாலை உட்கார்ந்து, அடிக்கடி வரும் சிக்கலான கேள்விகளை நடித்துக் காட்டி, எந்த இடத்தில் என்ன சொல்லலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதாகக் கேட்கப் போகிறான். கூப்பிடுபவரின் சம்மதம் இல்லாமல் எந்தப் பதிவையும் தொடாதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். முதல் இடத்தில் காசு வாங்காமல் செய்துவிட்டு, அது பயன்பட்டதா என்று இரண்டு வாரம் கழித்துப் போய்க் கேட்பதாகத் திட்டம். திங்கட்கிழமை ஒரு பல் மருத்துவரிடம் போகிறான். என்ன பேசுவது என்று ஞாயிறு மாலை என்னிடம் ஒரு முறை பேசிக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.